சாலைக்கு முந்தைய ஊர் – 9: நனையாத ஆல்பம்

சோமங்கலத்தில் சித்தி வீட்டு பீரோவில் ஓர் ஆல்பம் இருக்கிறது. பசை தடவிய அட்டை, மேலே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். அதில் நான்கு பக்கம் கிஷ்கிந்தா, தாம்பரம் பக்கத்துக் கேளிக்கைப் பூங்கா. எந்த ஆண்டு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. "தம்பிக்கு மொட்டை அடிச்சிருக்கு பார், திருப்பதி போயிட்டு வந்த வருஷம். தொண்ணூத்தேழு" என்கிறார் சித்தி. எங்கள் வீட்டில் வரலாற்று ஆதாரம் இப்படித்தான்.

மொத்தம் பதினோரு படங்கள். ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. புல்வெளியில் வரிசையாக நிற்கிறோம், நுழைவாயிலில் நிற்கிறோம், ஒரு செடிக்கு முன்னால் காரணமே இல்லாமல் நிற்கிறோம். நாங்கள் போனதே அலைக்குளத்துக்காக. ஆனால் அன்றைக்குக் கையில் இருந்தது கோடாக் கேபி-10. தண்ணீர் பட்டால் தீர்ந்தது கதை. அதனால் நாங்கள் குளத்தில் இறங்கியதும் கேமரா சித்தியின் கூடைக்குள், புளிச்சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ரோலில் 36 படம்தான். அதிலும் பாதியை ஒரு கல்யாணத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். ஆக, உடை நனைவதற்கு முன்னால் எடுத்ததுதான் எங்கள் கிஷ்கிந்தா.

அமெரிக்காவில் கதை வேறு. 1955-ல் ஆரஞ்சுத் தோப்பு இருந்த இடத்தில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே கோடாக் நிறுவனம் உள்ளே கேமரா கடை வைத்துவிட்டது. பிற்காலத்தில் இந்த இடத்தில் நின்று எடுங்கள் என்று பலகையே நட்டார்கள். அந்தப் பூங்காவின் பழைய படங்கள் குவிந்து கிடப்பதில் வியப்பில்லை.

கிஷ்கிந்தா 1995-ல் தாம்பரத்துக்கு மேற்கே சுமார் 120 ஏக்கரில் வந்தது. உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) அவர் தயாரிப்பு. அதில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து போவார்கள். கம்ப்யூட்டர் வித்தை கிடையாது. முழு அறையையே இரும்புச் சட்டத்தில் பொருத்திச் சுழற்றினார்கள், கேமராவும் அறையோடு சேர்ந்து சுழன்றது. அறையைச் சுழற்றியவர் அடுத்து ராட்டினத்துக்கு வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது ஏழாவது படம். கொஞ்சம் கலங்கல். எங்கள் தலைகளுக்குப் பின்னால் பனைமரங்கள், அதற்கும் பின்னால் வெறும் வானம். தாம்பரத்திலிருந்து சோமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை அப்போது சைக்கிளுக்குப் பயமில்லாத சாலை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளிவர இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல்தான். இன்று அதே சாலையில் விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டில் ரோல் வாங்குவது நின்றது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அப்பச்சன் காலமானார். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். சித்திக்கு இன்றும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் அந்தச் செய்தியும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பசை ஆல்பம் இருக்கும். படத்தை வெடுக்கென்று பிய்க்காதீர்கள், முகம் அட்டையோடு போய்விடும். முதலில் ஒட்டியபடியே போனில் படம் பிடித்து வையுங்கள். பிறகு, அன்றைக்குக் கூட வந்தவர் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து ஆண்டையும் பெயர்களையும் கேட்டு ஒரு தாளில் எழுதிச் செருகுங்கள். பால்பாயிண்ட் மை நாளடைவில் ஊறும். பென்சில் போதும்.