கண்ணால் வாங்கி எடையில் விற்பது: சவுக்குத் தோப்பு வேலை

மரக்காணத்துக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள கடலோர ஊர்களில் சவுக்குத் தோப்பு வாங்கி, வெட்டி, கம்பாகவும் விறகாகவும் விற்று வருகிறேன். என்னிடம் இருப்பது ஒரு டிராக்டர், இரண்டு டிரெய்லர், இரண்டு பவர் சா. இந்தத் தொழிலில் புதிதாக இறங்க வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது இயந்திரத்தைப் பற்றித்தான். நான் அவர்களை முதலில் தோப்புக்குள் அழைத்துப் போவேன். மரத்தைக் கண்ணால் பார்த்து வாங்குகிறோம், எடை மேடையில் ஏற்றி விற்கிறோம். நடுவில் எங்கே எடை தப்புகிறது என்று தெரியாதவருக்கு எந்த இயந்திரமும் லாபம் தராது.

ஓரத்து மரங்களைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஓரத்தில் வெயில் தாராளமாகக் கிடைப்பதால் மரம் பருத்திருக்கும், உள்ளே போகப் போக இளைத்திருக்கும். நடுவில் மூன்று இடங்களில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி மரங்களை எண்ணுங்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பென்றால் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்று. அந்தச் சதுரத்துக்குள் 44 மரம் நிற்க வேண்டும். 35 தான் நின்றால் ஐந்தில் ஒன்று போய்விட்டது, ஏக்கருக்கு 1,400 மரமே மிச்சம். சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று மரத்தை வெட்டி எடை போடுங்கள். சராசரி 25 கிலோ வந்தால் ஏக்கருக்கு 35 டன். இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் நான் விலை சொல்வேன்.

விலை படிந்ததும் முன்பணத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாளில் வெட்டி முடிப்பது, மிலாறு என்கிற சிறுகிளைகளும் வேர்க்கட்டையும் யாருக்கு, வண்டி எந்த வழியாக வெளியே போவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சண்டை பெரும்பாலும் வழியில்தான் வரும். பக்கத்து நிலத்தில் மணிலா போட்டிருப்பார்கள். ஒருமுறை என் டிரெய்லர் சக்கரம் வரப்பைத் தாண்டி இரண்டு சால் செடியை நசுக்கிவிட்டது. நட்டஈடு கொடுத்தேன். அதற்குப் பிறகு பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்துப் பேசாமல் எந்தத் தோப்புக்கும் முன்பணம் கொடுத்ததில்லை. சிட்டா, அடங்கல் நகல்களையும் அன்றே வாங்கி வண்டியில் வைத்துவிடுங்கள்.

வெட்டுக்கு நல்ல காலம் தை முதல் ஆனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் கட்டை காயாது, தாழ்வான தடத்தில் இறங்கிய வண்டி ஏறாது. முற்றிய தோப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதும் இந்தக் கரையில் ஆபத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரை கடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

வெட்டுக்கூலி டன் கணக்கில் பேசப்படும். மரம் வெட்டும் வேலையில் இருளர் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. முன்பணத்தைக் கொடுத்து, அதையே காரணம் காட்டிக் குடும்பத்தோடு தோப்பை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்ததும், பிறகு அதிகாரிகள் வந்து மீட்டதும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் நடந்திருக்கின்றன. அதற்குப் பெயர் கொத்தடிமை; 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். நான் சனிக்கிழமைதோறும் கூலியைத் தீர்த்துவிடுவேன். எடைச் சீட்டை அவர்கள் கையில் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டுப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்வேன். டன்னுக்குக் கூலி பேசிவிட்டுச் சீட்டை மறைப்பது திருட்டு.

பவர் சாவுக்கு மணல்தான் எதிரி. அடிமரத்துப் பட்டையில் காற்று கொண்டுவந்த மணல் ஏறியிருக்கும். அரிவாளின் முதுகால் அதைச் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து நான்கு விரல் மேலே வெட்டுங்கள். சங்கிலி மண்ணைத் தொட்டால் அந்த நிமிடமே மழுங்கும். கூராக இருக்கும்வரை சீவல் விழும், மழுங்கினால் மாவு விழும். மாவைப் பார்த்ததும் நிறுத்தி, உருண்டை அரத்தால் எல்லாப் பல்லையும் ஒரே அளவில் தீட்டுங்கள். மழுங்கிய ரம்பத்தை அழுத்தி ஓட்டுகிறவர் பெட்ரோலையும் வீணாக்கி முதுகையும் கெடுத்துக்கொள்கிறார். கலவை, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். ரம்பத்துக்கென்று வரும் நல்ல ஆயிலாக இருந்தால்தான் இந்த அளவு பொருந்தும்.

பவர் சாவில் சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி மேல்பாகம் கட்டையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். நுனியால் வெட்டுகிறவரை நான் மறுநாள் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. நெருக்கமான தோப்பில் இன்னொரு ஆபத்து, வெட்டிய மரம் கீழே விழாமல் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்வது. அடியில் போய்த் தோள் கொடுக்கவே கூடாது, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டவும் கூடாது. அடியில் நீளமான சங்கிலி போட்டு டிராக்டரால் இழுத்து இறக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது.

மரம் சாய்ந்ததும் துண்டு போட அவசரப்பட வேண்டாம். நேராக நீண்டிருப்பதை முதலில் கம்பாக ஒதுக்குங்கள். சாரத்துக்கும் பந்தலுக்கும் போகிற கம்பு எண்ணிக்கையில் விலைபோகும். ஒரு மீட்டராக நறுக்கிவிட்டால் அது எடைக்குப் போகும் சாதாரணக் கட்டை. அடுத்தது காகித ஆலைக் கட்டை. நீளம், தடிமன், பட்டை உரித்ததா இல்லையா என்பதை வெட்டுவதற்கு முன்பே ஆலையிலோ முகவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கோணல் கட்டையும் வேர்க்கட்டையும் டீக்கடைக்கும் கல்யாண மண்டபத்துச் சமையலுக்கும். மிலாறை எல்லாம் கட்டி விற்றுவிடாதீர்கள், கொஞ்சம் நமக்கே வேண்டியிருக்கும்.

விறகில் பலர் பணத்தைத் தொலைப்பது காய்ச்சலில்தான். வெட்டிய அன்று ஒரு டன் இருந்த கட்டை, நல்ல வெயிலில் சில வாரம் கிடந்தால் 800 கிலோவை ஒட்டி வந்துவிடும். அப்படியானால் ஈரக்கட்டை டன் 6,000 ரூபாய்க்குப் போகிற நாளில், காய்ந்ததை 7,500 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்தால் நட்டம். அதற்காக ஈர விறகை மண்டபத்துக்கு இறக்கினால் சமையல்காரர் புகையில் கண் எரிய நிற்பார். மறுமுறை கூப்பிட மாட்டார்கள். ஆலைக்கட்டை ஈரத்தோடு அன்றன்றே போகட்டும். விறகைப் பிளந்து, அடியில் இரண்டு கம்பைக் குறுக்கே போட்டு, காற்று ஊடே போகும்படி அடுக்குங்கள். இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்தால் மந்தமான ஓசை போய்க் கணீரென்று கேட்கும்போது விற்கலாம்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் உட்கார வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரம் மணலைப் பறிக்கும். முன்னால் அதிகமானால் டிராக்டரின் மூக்கு தூக்கி ஸ்டியரிங் கேட்காது. நான்கு சக்கர டிரெய்லர் தார்ச்சாலைக்கு நல்லது, தோப்புக்குள் திருப்புவது கடினம். அதனால் உள்ளே சிறியது, வெளியே பெரியது என்று வைத்திருக்கிறேன். ஒதுக்கிவைத்த மிலாறு இங்கேதான் உதவும். தடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் டயர் புதையாது. டிரெய்லருக்கும் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிராக்டரை வியாபாரச் சுமைக்கு ஓட்டினால், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கக்கூடும்.

பாரம் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காலி வண்டியை எடை போடுங்கள். போன வாரச் சீட்டில் இருந்த காலி எடை இன்றைக்கு ஆகாது. டீசலும் ஒட்டிய சேறும் மாறியிருக்கும்.

எடைதான் பணம் என்பதால் இன்னும் நாலு கட்டை போடலாமே என்று மனம் சொல்லும். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மிகை பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலே 2,000. அபராதத்தைவிடப் பெரிய விஷயம், நம் ஊர் டிரெய்லர்களில் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. அத்தனை டன்னையும் நிறுத்துவது டிராக்டர் மட்டும்தான். கம்பை நீட்டிக்கொண்டு போவதும் குற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் பைக்கில் வருகிற பிள்ளைக்குக் கம்பின் நுனி தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: டிரெய்லரின் பின்பலகை முழுக்கச் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள், பின்விளக்கை எரிய வையுங்கள், இருட்டிவிட்டால் பாரத்தைத் தோப்பிலேயே விட்டுவிட்டுக் காலையில் எடுங்கள்.