வால்கூண்டுக் காவலர்

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடைபெற்றது. பூவிருந்தவல்லி, சென்னீர்குப்பம் முதலிய ஊர்களெல்லாம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாகாணம் போர் நிதிக்கு வழங்கிய பொருளுதவியைப் பாராட்டும் பொருட்டு, பிரிட்டிஷ் விமானப் படையின் 35ஆம் அணிக்குச் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஹாலிபாக்ஸ், லங்காஸ்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்களை அவ்வணியினர் செலுத்தினர்.

இத்தகைய விமானத்தில் பெரும்பாலும் எழுவர் செல்வர். அவருள் இருவர் துப்பாக்கி வீரர். ஒருவர் விமானத்தின் முதுகிலும், மற்றவர் வாலின் முனையிலும் சுழல் கூண்டுகளில் அமர்ந்து, பகைவர் வருகையைக் கண்காணிப்பர். வால்கூண்டு மிகக் குறுகியது, கடுங்குளிர் நிறைந்தது. பாராசூட் என்னும் வான்குடையை அணிந்து அமர அங்கு இடமில்லை. ஆதலின், வீரர் வார்ப்பட்டைகளை மட்டும் உடலிற் பூட்டியிருப்பார். குடைப்பொதி கூண்டிற்கு வெளியே, விமானத்தின் உட்புறத்தில் வைக்கப்பட்டிருக்கும்.

‘குதியுங்கள்’ என்று விமானி ஆணையிட்டதும் வீரர் செய்ய வேண்டுவன யாவை? முதலில் கூண்டை நேராக நிறுத்திக் கதவுகளைத் திறத்தல் வேண்டும். பின்னே கைநீட்டிக் குடைப்பொதியை எடுத்து மார்பிற் கொளுவுதல் வேண்டும். பிராணவாயுக் குழாயையும் பேச்சுக் கம்பியையும் கழற்றிவிட்டு, கதவுகள் வெட்டவெளியை நோக்குமாறு கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாகச் சாய்ந்து வெளியே விழுதல் வேண்டும். விமானத்தைவிட்டு விலகிய பின்னரே குடையை விரித்தல் தகும். இவையனைத்தும் சில நொடிகளில், பெரும்பாலும் இருளில், முடிதல் வேண்டும். ஆகவே வீரர்கள் இவற்றைத் தரையிலேயே பலமுறை பழகினர்.

எனினும், பழக்கம் மட்டும் எப்போதும் காப்பதில்லை. லங்காஸ்டரின் வால்கூண்டைச் சுழற்றும் எண்ணெய் அழுத்தம் ஒரு பொறியிலிருந்து வந்தது. அப்பொறி கெட்டால், கைப்பிடியால் கூண்டைச் சுழற்றுதல் வேண்டும். அதுவும் பழுதுற்றால் கூண்டே சிறையாகிவிடும்.

1944ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓரிரவு அவ்வாறே நிகழ்ந்தது. கனடா நாட்டு லங்காஸ்டர் ஒன்று பிரான்சு நாட்டின் வானில் தாக்குண்டு தீப்பற்றியது. வால்கூண்டில் பிராபி என்பவர் சிக்கிக்கொண்டார். முதுகுக்கூண்டு வீரராகிய ஆண்ட்ரு மைனார்ஸ்கி குதிக்கும் வாயிலை அடைந்தும், தோழரின் நிலை கண்டு, தீயினூடே தவழ்ந்து சென்றார். கோடரியாலும் வெறுங்கையாலும் கூண்டைத் திறக்க முயன்றார். பயனில்லை. ‘நீ செல்’ என்று பிராபி சைகை காட்டினார். மைனார்ஸ்கி அவருக்கு வணக்கம் செலுத்திவிட்டு, எரியும் உடையோடு குதித்தார். தீப்புண்களால் உயிர் நீத்தார். விமானம் தரையில் மோதியபோது வெளியே எறியப்பட்ட பிராபியோ உயிர் பிழைத்தார்! அவர் கூறியதனாலேயே இச்செய்தியை உலகம் அறிந்தது. 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியாச் சிலுவை என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பணியாற்றிய ஏறத்தாழ 1,25,000 வீரருள் 55,573 பேர் மாண்டனர். தன்னைக் காத்துக்கொள்ளும் முறையைப் பயிற்சி கற்பிக்கும். பிறரைக் காக்கத் திரும்பிச் செல்லும் துணிவோ அன்பினால் மட்டுமே பிறப்பதாகும்.