கீரைப் பாத்தி போடுமுன் மண்ணைப் பாருங்கள்

காணிக்குத் திரும்பி, கிணறு இறைத்து, வளவைத் துப்புரவாக்கியதும் முதலில் கைகொடுப்பது கீரைதான். முளைக்கீரையை விதைத்து 25–30 நாட்களில் பிடுங்கலாம். ஆனால் பாத்தி போட நினைக்கும் இடத்தில் வாகனம் எரிந்து கிடந்ததா, பழைய பற்றரிகள் உடைக்கப்பட்டனவா, ரயரும் குப்பையும் எரிக்கப்பட்டனவா என்று முதலில் அயலவரிடம் விசாரியுங்கள். அப்படியான மண்ணில் ஈயமும் கட்மியமும் தங்கியிருக்கக்கூடும். மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்று எண்ணவேண்டாம். அவை பல ஆண்டுகள் மேல்மண்ணிலேயே கிடக்கும். (கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்படாத நிலத்தில் எதற்காகவும் மண்வெட்டி போடவேண்டாம்.)

ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கட்மியம் சிறுநீரகத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்து அதைப் பழுதாக்கும். கீரையை அவித்தாலும் வறுத்தாலும் இவை அழிவதில்லை.

கட்மியம் வேர்வழியாக இலைக்கு ஏறுவது. நாகச்சத்துக் குறைந்த மண்ணில் வேர் நாகத்தைத் தேடும்போது, அதைப் போன்ற கட்மியத்தையும் சேர்த்து எடுத்துவிடும். நாகம் போதியளவு இருந்தால் கட்மியம் உள்ளே போவது குறையும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலங்களில் நாகம் இருந்தும் பயிருக்கு எட்டாமல் நிற்பதுண்டு. அதற்கு நாகசல்பேற்று இடலாம். அளவு மிஞ்சினால் பயிருக்கே கேடு என்பதால் விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவையே இடுங்கள்.

புளித்தன்மையான மண்ணில் கட்மியம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அங்கே சுண்ணாம்பு அல்லது டொலமைற்று இட்டு பி.எச். பெறுமானத்தை 6.5க்கு மேல் கொண்டுவந்தால் அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. கீரை கரும்பச்சையாக வரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவது எங்களிடம் உள்ள பழக்கம். அது மண்ணை மேலும் புளிக்கவைக்கும். ரி.எஸ்.பி. பசளையிலேயே சிறிதளவு கட்மியம் இருக்கலாம், ஆகவே அதையும் அளவோடு இடுங்கள். கிணற்று நீர் உவர் என்றால் கட்மியம் கூடுதலாக ஏறும்; நல்ல தண்ணீர்க் கிணறு அருகில் இருந்தால் கீரைக்கு அதைப் பாவியுங்கள்.

செலவில்லாதது எருதான். நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெருவை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பிக் கொத்திக் கலவுங்கள். அது உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எரு உக்கித் தீர்ந்துவிடுவதால் ஒவ்வொரு போகத்திலும் மீண்டும் இடவேண்டும். குப்பை எரித்த சாம்பலை மட்டும் பாத்திக்குப் போடாதீர்கள்.

ஈயம் வேர்வழியாக ஏறுவது குறைவு. தூசியாகவும், மழையில் தெறிக்கும் மண்ணாகவும் இலையில் ஒட்டுவதே அதிகம். பாத்தியை வைக்கோலால் மூடுங்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

பற்றரி உடைத்த இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் எந்தப் பசளையும் போதாது. அங்கே கீரை வேண்டாம். வேறிடத்து மண்ணைப் பைகளில் நிரப்பி நடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பாத்தியின் ஐந்தாறு இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். வழமையான மண் பரிசோதனையில் பொதுவாக ஈயமும் கட்மியமும் பார்க்கப்படுவதில்லை. அங்கே என்ன எரிந்தது, என்ன உடைக்கப்பட்டது என்பதைச் சொல்லி, அதற்கான பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள்.