ஹிட்லரின் விமானத்தில் ஏறிய மதுப் போத்தல்கள்

தான் சத்தியம் செய்து கொடுத்த தலைவனையே கொல்லத் திட்டமிடும் ஒரு ராணுவ அதிகாரியைத் துரோகி என்பதா, நாட்டுப் பற்றாளர் என்பதா? இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய ராணுவத்தில் இருந்த ஹென்னிங் ஃபொன் டிரெஸ்கோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது.

ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி என்றதும் பலருக்கும் ஸ்டாஃபன்பெர்க்கின் பெயர்தான் நினைவுக்கு வரும். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாலிவுட் படமும் அவரையே நாயகனாக்கியது. ஆனால் ஸ்டாஃபன்பெர்க் சதியில் சேர்வதற்கு முன்பே குண்டு வைத்துப் பார்த்தவர் டிரெஸ்கோ.

1901இல் மாக்டபர்க் நகரில், தலைமுறை தலைமுறையாகப் படையில் பணியாற்றிய பிரஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆரம்பத்தில் அவரும் நாஜிகளை ஆதரித்தவரே. இதை மறைப்பதற்கில்லை. 1934இல் ஹிட்லர் தமக்கு வேண்டாதவர்களை விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு ஐயம் பிறந்தது. 1938 நவம்பரில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டபோது அந்த ஐயம் வெறுப்பாக மாறியது.

இடையில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. 1934 ஆகஸ்டு முதல் ஒவ்வொரு ஜெர்மானிய வீரரும் நாட்டின் பெயரால் அல்ல, ஹிட்லரின் பெயரைச் சொல்லியே விசுவாசச் சத்தியம் எடுக்க வேண்டியதாயிற்று. கொடுமைகளைக் கண்டு மனம் நொந்த எத்தனையோ தளபதிகள் இந்தச் சத்தியத்தைக் காரணம் காட்டியே ஒதுங்கிக் கொண்டனர். சிலருக்கு அது உண்மையான மனச்சாட்சிப் போராட்டம். சிலருக்கு வசதியான சாக்கு.

1941இல் சோவியத் யூனியன்மீது படையெடுத்த மத்திய ராணுவப் பிரிவில் டிரெஸ்கோ நடவடிக்கைத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பெலாரசின் போரிசோவ் நகரில் ஆயிரக்கணக்கான யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். செய்தி தலைமையகத்தை எட்டியது. ஹிட்லரை வீழ்த்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று நம்பிய அதிகாரிகளை அவர் தம்மைச் சுற்றிச் சேர்த்தார்.

1943 மார்ச் 13ஆம் நாள் ஹிட்லர் ஸ்மோலென்ஸ்க் வந்தார். அவருடன் திரும்பவிருந்த கர்னல் பிராண்டிடம், “ஒரு பந்தயத்தில் தோற்றுவிட்டேன், இந்த இரண்டு மதுப் போத்தல்களை நண்பரிடம் சேர்த்துவிட முடியுமா?” என்ற பொருளில் டிரெஸ்கோ கேட்டுக் கொண்டார். பிராண்டும் ஒப்புக்கொண்டார். பொட்டலத்தில் இருந்தது மது அல்ல, கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் வெடிபொருள். அதன் திரியில் கடிகாரம் கிடையாது. சிறு குப்பியை நசுக்கினால் அமிலம் கசிந்து கம்பியை அரிக்கும். கம்பி அறுந்ததும் ஊசி பாயும். சத்தமே இராது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அரை மணி நேரத்தில் வெடிக்க வேண்டும்.

விமானம் இரண்டு மணி நேரத்திற்குப் பிறகு பத்திரமாகத் தரையிறங்கியது.

அடுத்த நாள் டிரெஸ்கோவின் உதவியாளர் ஷ்லாப்ரென்டார்ஃப் உண்மையான மதுப் போத்தல்களுடன் பறந்து போய்ப் பொட்டலத்தை மாற்றி வாங்கினார். பிராண்ட் அதைச் சிரித்தபடியே குலுக்கிக் கொடுத்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். பிறகு ரயில் பெட்டியின் கதவைப் பூட்டிக்கொண்டு பிரித்துப் பார்த்தார். அமிலம் கம்பியை அரித்திருந்தது, ஊசியும் பாய்ந்திருந்தது, வெடிபொருள் மட்டும் பற்றவில்லை. விமானத்தின் கடுங்குளிரே காரணம் என்று கருதப்படுகிறது.

எட்டே நாட்களில் இன்னொரு முயற்சி. டிரெஸ்கோவின் சகா கெர்ஸ்டார்ஃப், பெர்லினில் நடந்த கண்காட்சியில் குண்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹிட்லருக்குப் பக்கத்தில் நடந்தார். திரி 10 நிமிடத் திரி. ஹிட்லரோ எதையும் நின்று பார்க்காமல் வேகமாக வெளியேறிவிட்டார். கெர்ஸ்டார்ஃப் கழிவறைக்கு ஓடித் திரியைப் பிடுங்கி உயிர் தப்பினார்.

அந்தக் கோடையில் டிரெஸ்கோவும் ஸ்டாஃபன்பெர்க்கும் சேர்ந்து ‘வால்கிரி’ திட்டத்தைத் திருத்தி எழுதினர். உள்நாட்டுக் கலவரத்தை அடக்க வைத்திருந்த அந்த ராணுவ உத்தரவுகளைக் கொண்டே நாஜிகளைக் கைது செய்வதுதான் தந்திரம். தட்டச்சு செய்தவர்களில் டிரெஸ்கோவின் மனைவி எரிக்காவும் ஒருவர். கைரேகை பதியாமலிருக்கக் கையுறை அணிந்து தட்டச்சு செய்தார்கள்.

1944 ஜூலை 20இல் ஸ்டாஃபன்பெர்க்கின் குண்டு வெடித்தது, ஹிட்லர் பிழைத்தார். உயிரிழந்த நால்வரில் ஒருவர், போத்தல்களைச் சுமந்து சென்ற அதே பிராண்ட். மறுநாள் போர்முனைக்குச் சென்ற டிரெஸ்கோ கையெறி குண்டால் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். எதிரி தாக்கியதாகவே எல்லாரும் நம்பி, சொந்த ஊரில் மரியாதையுடன் அடக்கம் செய்தனர். உண்மை தெரிந்ததும் நாஜிகள் உடலைத் தோண்டி எடுத்து எரித்தனர். மனைவி சிறைப்பட்டார்.

போர் முடிந்தும் பல ஜெர்மானியர்கள் இவர்களைத் துரோகிகள் என்றே தூற்றினர். 1952இல் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம், நாஜி அரசு சட்டத்தின் அரசே அல்ல, அதை எதிர்த்தவர்கள் துரோகிகளும் அல்லர் என்று தீர்ப்பளித்தது.

டிரெஸ்கோவின் கணக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. கிழக்குப் பகுதிச் சிறுவர்களைப் பிடித்து ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பும் உத்தரவொன்றில் 1944 ஜூன் மாதம் அவர் கையொப்பமிட்டிருந்ததை ஆய்வாளர்கள் பிற்பாடு எடுத்துக்காட்டினர். பதவியில் நீடித்தால்தான் சதிக்கு வழி என்பது ஒரு சாராரின் வாதம். கையொப்பம் கையொப்பம்தான் என்கின்றனர் மறுசாரார். அந்தச் சிறுவர்களைப் பெற்றவர்கள் முதல் வாதத்தை ஏற்றிருப்பார்களா என்பது சந்தேகமே.