எது மார்க்கம், எது மார்க்கமல்ல

ஆன்மிகப் பயிற்சி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மனத்தை ஒன்றில் நிறுத்திப் பழக்குவது தியானம். மூச்சையும் உடலின் ஆதாரங்களையும் கொண்டு உள்ளே ஓர் ஆற்றலை எழுப்பி நகர்த்துவது சக்திப் பயிற்சி. சித்தர் வழக்கில் வாசி என்றும் குண்டலினி என்றும் பேசப்படுவது இதுதான். இவற்றால் நேர்வதில் எது பயன், எது மயக்கம் என்று பிரித்துப் பார்ப்பது விவேகம். முதல் இரண்டையும் கற்றுத்தர இன்று ஊருக்கு ஊர் ஆள் உண்டு. மூன்றாவதற்குத்தான் பஞ்சம். அந்த மூன்றாவதை வாசற்படியாக வைத்த ஒரு சமய இயக்கம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர் நடுவே வேர்பிடித்தது.

பங்காரப்பேட்டையில் பிரியும் ரயில் கிளைப்பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடும். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கம் தோண்டிய இந்த வயலுக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழர்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரியும் அபாயமும், நுரையீரலில் கல்தூள் படியும் நோயும் கூடவே இருந்தன. ஆனால் கையில் ரொக்கக் கூலி இருந்தது. ஊர்ப் பண்ணையாரின் கண்காணிப்பு இல்லை. வாசகசாலை வைக்கவும், பத்திரிகைக்குச் சந்தா கட்டவும், ஒரு மதத்தைத் தாமே தேர்ந்தெடுக்கவும் இந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கத்துக்கு 1907ஐ ஒட்டி மாரிகுப்பத்தில் கிளை அமைந்தது. எம். ஒய். முருகேசர் அதைத் தாங்கி நின்றார். பிற்காலத்தில் சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலிலிருந்து பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. பண்டிதர் மறைவுக்குப் பின் நின்றுபோயிருந்த ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே மறுபடி நடத்தினார்.

அயோத்திதாசர் (1845–1914) பௌத்தத்துக்கு வந்த பாதையே ஒரு விவேகப் பயிற்சிதான். சித்த வைத்தியர், தமிழோடு வடமொழியும் பாலியும் பயின்றவர். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் தத்துவம், தெருவில் நடக்கவிடாத சாதியை ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கண்டு அதை விட்டு விலகினார். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்கங்களை ஏற்றார். ஆல்காட்டின் உதவியைப் பெற்றுக்கொண்டாரே தவிர, பிரம்மஞான சபையின் மறைஞான நம்பிக்கைகளைச் சங்கத்துக்குள் கொண்டுவரவில்லை. ஒரு போதனை எவ்வளவு உயரமானது என்று அவர் அளக்கவில்லை. கேட்பவனை அது என்ன செய்கிறது என்றே அளந்தார்.

இயக்கத்துக்குள்ளும் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. இயற்பியல் பேராசிரியர் பி. லட்சுமி நரசு அற்புதங்களை அடியோடு தள்ளி, அறிவியலுக்கு ஒத்த பௌத்தத்தை முன்வைத்தார். 1907இல் வந்த அவருடைய ஆங்கில நூலை 1948இல் அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பண்டிதரோ தமிழ் இலக்கியத்தையும் சுவடிகளையும் பண்டிகைகளையும் மறுவாசிப்புச் செய்து, மண்ணில் புதைந்த பௌத்தத்தைத் தோண்டியெடுக்க முனைந்தார். இருவரும் உரசிக்கொண்டாலும் ஓரிடத்தில் ஒன்றுபட்டார்கள். ஒழுக்கமும் ஆராய்ச்சியும் முன்னே வரவேண்டும். அனுபவம் அதற்குப் பின்னே.

இதற்குச் சான்றாக மேடைகளில் அடிக்கடி எடுக்கப்படுவது காலாமர் என்னும் மக்களுக்குப் புத்தர் சொன்ன உரை. கேள்விப்பட்டது, வழிவழி வந்தது, நூலில் உள்ளது என்பதற்காக ஏற்க வேண்டாம் என்னும் பகுதி எல்லாருக்கும் தெரியும். அதே பட்டியலில் தருக்கமும் ஊகமும் ‘இவர் நம் குரு’ என்னும் மரியாதையும் இருப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த உரை தரும் உரைகல் வேறு: ஒன்றைக் கைக்கொண்டால் ஆசையும் பகையும் மயக்கமும் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா? சான்றோர் அதைப் பழிக்கிறார்களா, புகழ்கிறார்களா? சொந்தப் புத்தி ஒன்றே போதும் என்று அது சொல்லவில்லை.

ஆராய்ச்சி முன்னே, அனுபவம் பின்னே என்னும் இந்த வரிசையைத் தமிழில் மணிமேகலை கதையாகவே நடத்திக் காட்டுகிறது. பண்டிதரின் சங்கம் தொடங்கிய அதே 1898இல்தான் உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பும் வெளிவந்தது. கதையில் மணிமேகலைக்கு முதலில் கிடைப்பவை சித்திகள்: வான்வழி செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசி தாங்கவும் மந்திரங்கள். தன்னை விரும்பித் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவை எடுக்கிறாள். அவளைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன், பின்தொடர்ந்து வந்த உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் பயன்படுத்திய சக்தியின் விளைவு ஒரு கொலை. அதன் பிறகு அவள் வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை சமயவாதிகளை வரிசையாகக் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் வந்தபோதும் அவர் நேராகத் தவத்துக்கு அனுப்புவதில்லை. காட்சி, கருதல் என்னும் இரண்டு அளவைகளையும், வாதத்தில் வரும் போலிகளையும் பொறுமையாகப் பாடம் நடத்துகிறார். அந்தக் காதையைப் படிக்கும் பலருக்குக் கொட்டாவி வரும். ஆனால் காப்பியத்தின் திட்டமே அதில்தான் இருக்கிறது. பிறப்பறுக்கும் நோன்பு அதற்கடுத்த, கடைசிக் காதையில்தான் வருகிறது.

சித்தியை முன்னிறுத்தக் கூடாது என்பதைத் துறவியருக்கான விதிநூலான பாலி விநயம் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ராஜகிருகத்து வணிகன் ஒருவன் உயர்ந்த மூங்கில் உச்சியில் சந்தனப் பாத்திரத்தை வைத்து, சித்தி உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றான். பிண்டோல பாரத்வாஜர் வானில் எழுந்து எடுத்துவந்தார். புத்தர் அவரைக் கடிந்துகொண்டதோடு, இல்லறத்தார் முன் சித்தி காட்டுவதையே தடை செய்தார். அடையாத நிலையை அடைந்ததாகப் பொய் சொல்லும் துறவிக்குக் கொலைக்குரிய அதே தண்டனைதான். துறவியர் சங்கத்தை விட்டு வெளியேற்றம். உண்மையாகவே அடைந்திருந்தாலும் இல்லறத்தாரிடம் சொல்லக்கூடாது. நல்லெண்ணத்தோடு தன்னை மிகையாக மதிப்பிட்டுவிட்டவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தியானத்தில் மனிதர் ஏமாற்றுவதைவிட ஏமாறுவதே அதிகம் என்பதை அந்தச் சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

அந்த ஏமாறுதல் எப்படி நேர்கிறது என்பதை 5ஆம் நூற்றாண்டின் விசுத்திமார்க்கம் நெருங்கி நின்று விவரிக்கிறது. அதை எழுதிய புத்தகோசர் காஞ்சியிலும் மயூரபட்டணத்திலும் தங்கியிருந்ததைத் தம் உரைகளில் குறிப்பிடுபவர். தமிழ் மண்ணுக்கு அந்நியரல்லர். தியானத்துக்குரிய 40 பொருள்களை அவர் வகைப்படுத்துகிறார். மனம் நிலைபெறும்போது எழும் பரவசம் ஐந்து தரம் என்கிறார். மயிர்க்கூச்செறிவது ஒன்று, மின்னல்போல் வெட்டி மறைவது இன்னொன்று, கரையில் அலைபோல் திரும்பத் திரும்ப மோதுவது, உடலையே மேலே தூக்குவது, உடல் முழுதும் நிறைந்து பரவுவது என மற்றவை. முதுகுத்தண்டில் ஏறும் சூடு, நெற்றியில் அதிர்வு என்று இன்றைய சக்தி வகுப்புகளில் கொண்டாடப்படுபவற்றுக்கு நெருங்கிய உறவுகள் இவை. புத்தகோசர் இவற்றை மறுக்கவில்லை. வழியில் தென்படுபவை என்று குறித்துக்கொண்டு நகர்கிறார்.

ஆள் வழுக்கி விழும் இடம் இன்னும் சற்று மேலே இருக்கிறது. ஒளி, கூர்ந்த அறிவு, பரவசம், அமைதி, இன்பம், உறுதி, ஊக்கம், விழிப்பு, சமநிலை, இவற்றின் மேல் ஒரு மெல்லிய பற்று எனப் பத்தை, விபசனை என்னும் உள்நோக்குத் தியானத்தின் மாசுகள் என்கிறது நூல். பட்டியலில் கெட்டது என்று சொல்லத்தக்கது கடைசி ஒன்றுதான். மற்ற ஒன்பதும் நல்லவை. நல்லவையாக இருப்பதால்தான் ஆபத்து. ஒளியைக் கண்டவர் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று உட்கார்ந்துவிடுகிறார். இந்த இடத்தைக் கடக்க உதவும் தெளிவுக்கு, மார்க்கம் எது, மார்க்கமல்லாதது எது என்று காணும் தூய்மை என்று பெயர். ஏழு தூய்மைகளில் ஐந்தாவது.

உச்சவாலிகத்து மகாநாகர் என்னும் தேரரின் கதையும் அதில் உண்டு. 60 ஆண்டுகளாக ஆசையோ கோபமோ எழாததால் தம்மை அருகர், அதாவது முழு விடுதலை பெற்றவர், என்றே நம்பிவந்தார். தம்மதின்னர் என்னும் துறவி அவரிடம், காதுகளை விரித்து, வாலை நீட்டி, துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு பாய்ந்து வரும் வெள்ளை யானை ஒன்றைத் தம் சித்தியால் படைத்துக் காட்டச் சொன்னார். படைத்தார். யானை பாய்ந்து வந்ததும் எழுந்து ஓடப் பார்த்தார். தம்மதின்னர் சீவரத்தின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தி, அருகருக்கு அச்சம் உண்டோ என்று கேட்டார். தாம் படைத்த யானை என்று தெரிந்தும் ஓடியவருக்கு, அறுபது ஆண்டு அமைதி அடக்கிவைக்கப்பட்டதே தவிர அறுபட்டதல்ல என்று அப்போது புரிந்தது. இதைச் சுட்டிக்காட்ட வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார் என்பதுதான் கதையின் முக்கியமான செய்தி.

சக்தி மார்க்கத்தில் தோய்ந்த தமிழ் மரபும் பாதுகாப்பு இல்லாமல் இதைக் கையாளவில்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்களைக் கடந்த பிறகே மூச்சுக்கு வருகிறார். உள்ளிழுத்தல் 16, நிறுத்தல் 64, வெளிவிடல் 32 மாத்திரை என்பது அவர் தரும் கணக்கு. குருவின் கண்பார்வையில், படிப்படியாகச் செய்ய வேண்டியது அது. தனியே முயன்று இந்த 64ஐ எட்டப் பார்ப்பது யாருக்கும் நல்லதல்ல. கல்தூள் ஏறிய நுரையீரலோடு ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளிக்கு அது விஷப்பரீட்சை.

20ஆம் நூற்றாண்டில் குண்டலினியை எளிமைப்படுத்தி இல்லறத்தாருக்குக் கொண்டுசென்ற வேதாத்திரி மகரிஷி (1911–2006), எழுப்பிய ஆற்றலை மீண்டும் மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தைப் பாடத்தோடு சேர்த்தே வைத்தார். ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது என்னும் அகத்தாய்வும் கூடவே வந்தது. இறக்கக் கற்றுத்தராமல் ஏற்ற மட்டும் கற்றுத்தரும் பயிற்சியைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி. காஷ்மீரத்துக் கோபி கிருஷ்ணா வழிகாட்டி இல்லாமல் தியானித்துவந்து, 1937இல் திடீரென எழுந்த ஆற்றலால் ஆண்டுக்கணக்கில் உடலும் மனமும் வெந்ததைத் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சீனத்துச் சிகுங் பயிற்சியை அளவுமீறிச் செய்தவர்களுக்கு நேரும் மனக்கலக்கத்தை அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு தன் பின்னிணைப்பில் சேர்த்தது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பௌத்த தியானம் செய்யும் மேலைநாட்டினர் பலர் அச்சம், தூக்கமின்மை, தான் என்னும் உணர்வு கலைவது ஆகியவற்றை விவரித்திருக்கிறார்கள். இப்படி ஒன்று நேர்ந்தால் பயிற்சியை நிறுத்துவதும் மருத்துவரைப் பார்ப்பதும் பக்திக் குறைவு ஆகாது. ‘இன்னும் தீவிரமாக உட்கார், சரியாகிவிடும்’ என்று சொல்பவர் குருவாக இருந்தாலும் அது தவறான யோசனை.

பௌத்தத்தில் ஆற்றலுக்கு உரிய இடம் வேறு. அங்கே வீரியம் என்பது முயற்சி. கால்கள் புண்ணாகி ரத்தம் வர நடைத்தியானம் செய்து சலித்த சோணர் என்னும் துறவிக்குப் புத்தர் அவர் வாசித்துப் பழகிய வீணையையே எடுத்துக்காட்டினார்: நரம்பு இறுகினாலும் பண் வராது, தளர்ந்தாலும் வராது. நம்பிக்கையை அறிவும், முயற்சியை ஒருமைப்பாடும் சமன்செய்ய வேண்டும். விழிப்பு மட்டும் எவ்வளவு கூடினாலும் கேடில்லை என்பது உரையாசிரியர்களின் கணக்கு.

மாரிகுப்பத்தின் பௌத்தர்கள் இந்தக் கணக்கில் அறிவுப் பக்கத்தை அழுத்தமாகப் பிடித்தார்கள். பஞ்சசீலம், சொற்பொழிவு, வாசிப்பு, விவாதம், வைசாகப் பௌர்ணமி என்று அவர்கள் வாழ்க்கை அமைந்தது. அவர்கள் அச்சிட்டவற்றில் அறமும் வரலாறும் சாதி மறுப்பும் நிறைய. உட்கார்ந்து செய்யும் தியானம் குறைவு. இதைக் குறையென்று சொல்லலாம். ஆனால் சாதி சுமத்திய பொய்களைப் பிரித்தறிவதே அவர்களுக்கு முதல் விபசனையாக இருந்தது. கண்ணை மூடுவதற்கு முன் திறக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் பர்மாவில் லெடி சயாடோ (1846–1923), துறவிகளுக்கே உரியதாக இருந்த விபசனையை இல்லறத்தாருக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். பண்டிதரின் சங்கத்துக்கு ரங்கூனிலும் கிளை இருந்தது என்றாலும், அந்தப் பயிற்சி தமிழ்நாட்டுப் பக்கம் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த மரபில் வந்த எஸ். என். கோயங்கா 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கினார். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் இன்று அதற்கொரு மையம் இயங்குகிறது. பத்து நாள் வகுப்பில் சேர்கிறவர் பஞ்சசீலத்தை ஏற்றே உள்ளே நுழைய வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும். வேறு மந்திரம், பிராணாயாமம், சக்திப் பயிற்சி எதையும் அந்த நாள்களில் கலக்கக்கூடாது. மனநோய் இருந்தாலோ, அதற்கு மருந்து எடுத்துக்கொண்டாலோ விண்ணப்பத்திலேயே தெரிவிக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வகுப்பை முடித்தவர் விரும்பினால் நன்கொடை தரலாம்.