கோலமும் கணிதமும்

கணிதமென்றாலே மாணவரிற் பலர் அஞ்சுகின்றனர். அதன் விதிகள் வாழ்க்கைக்குப் புறம்பானவையென எண்ணுதலே அதற்குக் காரணமாம். நம் நாட்டுப் பெண்டிர் வாயிலில் இடும் கோலத்தை நோக்குவோமாக. நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, மேலும் கீழும் 5, 3, 1 எனக் குறைத்து வரின் மொத்தம் 25 புள்ளிகளாம். 7, 5, 3, 1 கூடி 16. அஃது 4-இன் வர்க்கம். எஞ்சிய 5, 3, 1 கூடி 9. அஃது 3-இன் வர்க்கம். ஒன்று முதலாக ஒற்றைப்படை எண்களை முறையே கூட்டின் வர்க்கமே கிட்டும் என்னும் விதி இங்ஙனம் கண்முன் விளங்குகின்றது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணியும், அவர்தம் துணைவியார் இராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் 1974-ஆம் ஆண்டில் கோலத்திற்கு இலக்கணம் வகுத்து எழுதினர். சில விதிகளால் எண்ணிறந்த வாக்கியங்கள் அமைதல் போல, சில விதிகளால் சிறு கோலம் பெருங்கோலமாய் விரியும் என்பதே அதன் கருத்து.

கணிப்பொறியோ, விதியைத் தெளிவுறக் கூறினாலன்றிக் கோலத்தின் ஒரு கோட்டையும் வரையாது. ஆதலின் அதற்குக் கற்பிக்கப் புகும் மாணவன் தானே முதலில் விதியைக் கற்கின்றான்.

ஏடு தொடாது இவ்விதிகளைக் கையாண்ட நம் பாட்டியரைக் கணக்கறியாதார் எனல் தகுமோ? அவர்தம் கைத்திறனைக் கணித வகுப்பிற்குக் கொணர்வோமாக.