முதல் மூச்சு – 9: கத்திக்கு முன்னும் பின்னும்

சென்ற வாரம் பார்த்த ஓம்ஃபலோசீலில், தொப்புள்கொடிக்குள் பிதுங்கிய குடலை மெல்லிய சவ்வுப் பை ஒன்று மூடியிருக்கும். குழந்தை பிழைப்பது பெரும்பாலும் அதன் இதயத்தையும் நுரையீரலையும் குரோமோசோம்களையும் பொறுத்தது. காஸ்ட்ரோஸ்கைசிஸில் அந்தப் பை கிடையாது. தொப்புளுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம், வயிற்றுச் சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியே குடல் வெளியே கிடக்கும். பார்த்தால் பதறும். ஆனால் இந்தக் குழந்தைகளில் பலருக்கு வேறு பெரிய குறை இருப்பதில்லை. அதனால்தான் இதில் நேரும் மரணம் கூடுதலாக உறுத்துகிறது.

2021-இல் ‘லான்செட்’ இதழில், 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. காஸ்ட்ரோஸ்கைசிஸோடு பிறந்து இறந்த குழந்தைகள் பணக்கார நாடுகளில் 1.4 சதவீதம், நடுத்தர வருமான நாடுகளில் 31.9, ஏழை நாடுகளில் 90. நோய் ஒன்றுதான்.

இந்த வித்தியாசத்துக்கு அறுவை நிபுணரின் கைத்திறன் மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. ஓட்டையை மூடுவது சிக்கலான வேலையல்ல; சில குழந்தைகளுக்குத் தையல்கூடப் போடாமல் தொப்புள்கொடியையே மேலே வைத்து மூடிவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. திறந்து கிடக்கும் குடல் வழியே உடல் சூடும் நீரும் வேகமாக வெளியேறும். குடலை உடனே சுத்தமான பிளாஸ்டிக்கால் சுற்ற வேண்டும், ரத்தக் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் குழந்தையைப் பக்கவாட்டில் கிடத்த வேண்டும், மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றை வடிக்க வேண்டும், நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். தொலைதூரச் சுகாதார நிலையத்தில் பிறந்து, வண்டிக்குக் காத்திருந்து, குளிர்ந்துபோய் வந்துசேரும் குழந்தைக்கு இதில் எதுவும் நடந்திருக்காது.

வந்தபின்னும் அவசரப்படக் கூடாது. சிறிய வயிற்றுக்குள் வீங்கிய குடலை ஒரேயடியாகத் திணித்தால் அழுத்தம் ஏறி மூச்சுத் திணறும், சிறுநீர் நின்றுபோகும். இதற்குத்தான் ‘சைலோ’ என்ற பை. குடலை அதற்குள் விட்டு, மேலே தூக்கிக் கட்டி, பையை நாளுக்கு நாள் சுருக்கிக்கொண்டே வந்தால் குடல் தானாக உள்ளே இறங்கும். 1967-இல் பாஸ்டனில் சாமுவேல் ஷூஸ்டர் பெரிய ஓம்ஃபலோசீலுக்காக வகுத்த படிப்படியான முறையிலிருந்து வளர்ந்தது இது. ஆயத்தப் பை வாங்க வசதியில்லாத இடங்களில் சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையை வெட்டித் தைத்துச் சமாளிக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆனால் அதை ஏற்பாடு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

குடல் உள்ளே போனாலும் உடனே வேலை செய்யாது. பனிக்குட நீரில் ஊறித் தடித்த குடல் பாலை ஏற்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சத்து முழுவதும் நரம்பு வழியே போக வேண்டும். 1960-களின் இறுதியில் ஸ்டான்லி டட்ரிக்கும் சகாக்களும் பிலடெல்பியாவில் நிலைநாட்டிய இந்த முறைதான் பணக்கார நாடுகளில் பிழைப்பு விகிதத்தை உயர்த்தியவற்றில் முதன்மையானது. திரவம் விலை அதிகம். செலுத்தும் குழாயில் கிருமி புகுந்தால் அதுவே ஆளைக் கொல்லும்.

உகாண்டா தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையில் இந்நோயால் இறந்தவர்கள் ஒரு காலத்தில் 98 சதவீதம். பராமரிப்பை ஒழுங்குபடுத்திய பிறகு அது 59 ஆனது. நரம்புவழி ஊட்டம் எளிதில் கிடைக்காத ஊரில் இது பெரிய இறக்கம். மீதமுள்ள தூரத்தில் பெரும்பகுதி அந்தத் திரவப் பாட்டிலுக்கும், இரவில் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய செவிலியருக்கும் உரியது.

(தொடரும்)